என் பாஸ்போர்ட் பார்த்த டில்லி

நான் வெளிநாடு போவதற்கு முன்பே என் பாஸ்போர்ட் தனியாக ஒரு பயணம் போய்விட்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போன இடங்களுக்கெல்லாம் பின்னாலேயே ஓடியதில்தான் நான் டில்லியைப் பார்த்தேன். குதுப்மினார் பார்த்தாயா, செங்கோட்டை பார்த்தாயா என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். இல்லை. ஓர் அமைச்சகத்தின் தபால் பிரிவைப் பார்த்திருக்கிறேன். அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஐரோப்பாவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் படிப்பு ஒன்றே, குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ். பங்கும் வட்டியும் நாளைக்கு எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற படிப்பு. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. வங்கிகள் எல்லாம் தரையில் கால் பாவாமல் நடந்த காலம். "ஷேர் மார்க்கெட்டுக்கு எதுக்குட்டி எம்.எஸ்ஸி. கணக்கு?" என்று கேட்ட பெரியம்மாவுக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

நாடுகளின் பெயரை எழுதப் போவதில்லை. இரண்டு தூதரகத்திலும் எனக்கு இனியும் வேலை வரலாம், எதற்கு வம்பு? எங்கள் வீட்டில் வைத்த பெயர்களே போதும்: பெரிய ஊர், சின்ன ஊர். பெரிய ஊர் ஒரு துறைமுக நகரம். ஒரே வருடப் படிப்பு, கண்ணாடிக் கட்டடம், சன்னலைத் திறந்தால் வங்கிகள். அவர்கள் அனுப்பிய புத்தகத்தில் எல்லா மாணவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ஊர் மலையடிவாரம். இரண்டு வருடம், அதில் முதல் வருடம் முழுக்க வெறும் கணக்கு. அவர்கள் அனுப்பிய புத்தகத்தில் ஒரு மரம் இருந்தது.

இரண்டுக்கும் விசாவை டில்லிக்கு நேரில் வந்து கேட்க வேண்டும். கேட்கும்போது பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். படிப்பு இரண்டும் ஒரே சமயத்தில் தொடங்குகின்றன. ஆக, எந்தத் தூதரகத்தின் கையில் முதலில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறேனோ அந்த ஊர்தான் என் ஊர். இரண்டு தூதரகத்திலும் ஒரே வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன், காலையில் பெரிய ஊர், மதியம் சின்ன ஊர். முடிவெடுக்கத் தைரியமில்லாதவள் வேறு என்ன செய்வாள்?

"டில்லியில தம்பி இருக்கான். கவர்ன்மெண்டுல இருக்கான். அவன் பாத்துக்கிடுவான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவ்வளவுதான், முடிவு செய்யும் பொறுப்பு ஊர் மாறியது.

சித்தப்பா ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கோல் மார்க்கெட் பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். சனிக்கிழமை காலை நான் போய் இறங்கியபோது டில்லி வறுசட்டியாக இருந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையை ரயில் நிலையத்து வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டேன். எங்கள் வெயில் தலையில் அடிக்கும். இது கன்னத்தில் அறைகிறது. வீட்டுக்குள் சன்னலில் பொருத்திய கூலர் ஈரக் காற்றை உறுமிக்கொண்டே ஊதியது. அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசிப் பேசி அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தொண்டை பெரிது.

சித்தி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தாள். சோற்றுக்கு இல்லை, சப்பாத்திக்கு. திருநெல்வேலிச் சொதியில் சப்பாத்தியைத் தோய்த்துத் தின்பதைப் பார்த்தால் ஊரில் கல்யாண வீட்டில் சண்டை வரும். நான் நாலு சப்பாத்தி தின்றேன்.

மகள் ப்ரீத்தி காலேஜில் இரண்டாம் வருடம். டில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் எங்கேயாவது தடுக்கினால் இந்தியில் போய் விழுந்து எழுந்து வருவாள். "அக்கா, நீ பேங்க்கர் ஆகப் போறியா? பக்கா பணக்காரி!" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா மேஜையைத் துடைத்தார். ஓர் அட்டைக் கோப்பையும் பச்சைத் தாள்களையும் கொண்டு வந்து வைத்தார். இவர்கள் அலுவலகத்தில் கருத்து எழுதுவது பச்சைத் தாளில்தான். அட்டையில் தலைப்பு எழுதினார்: 'செல்வி எஸ்தரின் மேற்படிப்பு, இடம் தேர்வு செய்தல் குறித்து.'

"சித்தப்பா, இது வீட்டு விஷயம்லா?" என்றேன்.

"ஏட்டி, வாயால பேசினா ஆளுக்கொண்ணு சொல்லிட்டு நாளைக்கு மாத்திப் பேசுவான். எழுத்துல வந்துட்டா மாத்த முடியாது. நாடே இப்படித்தான் நடக்கு" என்றார்.

"நாடு நடக்குற லட்சணம் தெரியாதாக்கும்" என்று சித்தி அடுக்களையிலிருந்து சொன்னாள்.

அவர் காதில் விழாத மாதிரி எழுதினார். எல்லாம் ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். பத்திக்குப் பத்தி எண் போட்டு, இரண்டு ஊரின் சாதக பாதகங்களைச் சொல்லி, கடைசியில் 'உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்தார். யார் உத்தரவுக்கு என்று கேட்டேன். "அது பொறவு வரும்" என்றார். கீழே சித்தியின் கருத்தும் ஏறியது: 'வாய்மொழியாகத் தெரிவித்தது: எங்கே குளியலறையில் சுடுதண்ணீர் வருமோ அங்கே அனுப்பவும்.'

அழகாகத்தான் எழுதினார். சர்ட்டிஃபிகேட்டுகள், இரண்டு ஊரின் கடிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிப் பின்னால் கோத்து, ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதக் கொடி குத்தி அ, ஆ, இ என்று எழுதினார். நான் கூலருக்கு முன்னால் நின்று முடி காய வைத்துக்கொண்டிருந்தேன். எதையெல்லாம் கோத்தார் என்று கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் கோப்பு முதலில் போதகரிடம் போனது. 'ஜெபத்துடன் முடிவு செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்து டில்லியின் ஓரத்தில் இருக்கும் துவாரகா. சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் அங்கே சொசைட்டி பிளாட்டில் இருக்கிறார், விமான நிலையத்தில் வேலை. மெட்ரோ ரயில் துவாரகாவுக்கு ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏசி போட்ட ரயில், எச்சில் துப்பாத ஜனம், சொன்ன நேரத்தில் மூடும் கதவு. மேலே பார்த்துக்கொண்டே ஏறியதில் என் துப்பட்டா நுனியைக் கதவு பிடித்துக்கொண்டது. அடுத்த நிலையம் வரை கதவோடு கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி நின்றேன்.

பக்கத்தில் இரண்டு பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ப்ரீத்தி எனக்கு மொழிபெயர்த்தாள்.

"மாப்பிள்ளை அமெரிக்காவா, குர்காவா?"

"குர்காவ்."

"அப்போ சரி. பக்கத்து ஊர்தானே, ஞாயிற்றுக்கிழமையாவது கண்ணில் படுவான்."

எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்கள் என்று பொறாமையாக இருந்தது. சிநேகிதர் எங்களுக்கு ராஜ்மா சாதம் போட்டு, கோப்பை வாங்கி, நின்றுகொண்டே எழுதினார்: 'பெரிய ஊர். ஒரு வருடம். மறுபேச்சுக்கு இடமில்லை.' திங்கட்கிழமை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், சித்தியின் சிநேகிதி, வீட்டுக்கு வந்து, சன்னலைத் திறந்தால் வங்கிகள் என்று இன்னும் விரிவாக எழுதினார். அவரும் பெரிய ஊர்தான். ப்ரீத்தியும் எழுதினாள். பெரிய ஊர். பச்சைத் தாள் நிரம்பிக்கொண்டே போனது. நான் ஒவ்வொருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை ப்ரீத்தி என்னைக் கரோல் பாக் கூட்டிக்கொண்டு போனாள், கம்பளி உடுப்பு வாங்க. அந்த வெயிலில் கம்பளி விற்கிற கடையா என்று கேட்காதீர்கள். வெளிநாடு போகிறவர்களை நம்பியே அங்கே ஒரு கடை வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது. போகிற வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு, எங்களை இறங்கித் தள்ளச் சொன்னார். தள்ளினோம். மீட்டருக்கு மேல் கேட்டபோது ப்ரீத்தி, "பையா, நாங்கதானே உங்களை இழுத்துட்டு வந்தோம்?" என்று இந்தியில் சண்டை போட்டாள். பையா என்றால் அங்கே அண்ணன். அவர் சிரித்துவிட்டார்.

கடைக்காரர் என்ன ஊர் என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றதும், மழைக் கோட்டு ஒன்றும் தடிமனான பனிக் கோட்டு ஒன்றும் எடுத்துப் போட்டார். பெரிய ஊரில் மழை, சின்ன ஊரில் பனி. மழைக் கோட்டைத் தொட்டுப் பார்த்து மடித்து வைத்தேன். பனிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி மூக்கு நுனியில் சொட்டியது. கழற்ற மனம் வரவில்லை.

ப்ரீத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ டிசைட் பண்ணிட்டே, இல்ல?"

அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. இந்தப் படிப்பில் எல்லாக் கணக்குக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: விலை பெரிதாக விழுவது அநேகமாக நடக்காது. ஆனால் நிஜத்தில் அது அடிக்கடி நடந்திருக்கிறது. அது ஏன் என்று இரண்டு ஊருக்கும் எழுதிக் கேட்டேன். பெரிய ஊரிலிருந்து இன்னொரு சிரிக்கிற புத்தகம் வந்தது. சின்ன ஊரிலிருந்து ஒரு பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் 'எனக்கும் தெரியவில்லை. வந்தால் சேர்ந்து பார்க்கலாம்' என்று முடித்திருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வாத்தியார் சொல்லி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"அப்போ ஏன் சொல்லலே?"

"ஒரு வருஷத்துல சம்பாதிக்க வேண்டியத ரெண்டு வருஷம் இழுக்கணும். லோன் அப்பா பேர்ல இருக்கு. அப்பாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட்டு. எந்த வாயால கேப்பேன்?"

"நீ பாகல் அக்கா" என்றாள். பைத்தியம் என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னாள். கோட்டை வாங்காமல் வந்தோம். குல்சா ரொட்டியும் சோளேயும் தின்றோம். எனக்குக் கொண்டைக்கடலை என்றால் கோயில் சுண்டல்தான். அதற்கு இப்படி ஒரு மசாலா வாழ்க்கை இருப்பது தெரியாது.

புதன்கிழமை கோப்பு எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டு ராமநாதன் சார் வேறோர் அமைச்சகத்தில் அண்டர் செகரட்டரி, சித்தப்பாவுக்கு ஒரு படி மேல். அந்தக் குடியிருப்பில் கடைசிச் சொல் அவருடையது. 'உத்தரவு' என்று சித்தப்பா எழுதியது அவரை மனதில் வைத்துத்தான்.

வியாழக்கிழமை காலை தூதரகத்துக்கான காகிதங்களை எடுத்து அடுக்கினேன். பாஸ்போர்ட் இல்லை. பெட்டியைக் கவிழ்த்தேன், மெத்தையைத் தூக்கினேன். சித்தப்பா சவரம் செய்துகொண்டே, "பதறாதட்டி. ஃபைல்ல இருக்கு. கொடி அ" என்றார்.

"பாஸ்போர்ட்டையா கோத்திய?"

"மூலப் பத்திரம் இல்லாம எப்படிட்டி ஃபைல் அனுப்புறது?" என்றார் நியாயமாக. பிறகு அவர் கை பாதியில் நின்றது. சோப்பு நுரையோடு எதிர்வீட்டுக்கு ஓடினார். ராமநாதன் சார் கிளம்பிப் போயிருந்தார். வீட்டில் கோப்பும் இல்லை.

சித்தப்பா அரை நாள் லீவு போட்டார். அவர் லீவு போட்டதைப் பார்த்துத்தான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது.

ராமநாதன் சாரின் அமைச்சக வாசலில் எனக்குப் பாஸ் எழுத வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். யாரைப் பார்க்க, எதற்கு, கையில் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு மதில் மேலிருந்து இறங்கி எங்களைக் கடந்து உள்ளே போனது. காவலர் தலை நிமிரவில்லை. "அது பெர்மனெண்ட் ஸ்டாஃப்" என்றார் சித்தப்பா. பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ராமநாதன் சார் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அடடா. நேத்து ராத்திரி நோட் போட்டேன். நம்ம ஃபைனான்ஸ் விங்ல எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கான், இந்த ஷேர் விஷயமெல்லாம் நன்னாத் தெரியும். அவன் ஒப்பீனியன் கேக்கலாமேன்னு அவன் பேர எழுதி வெச்சேன். காலம்பற பொட்டியிலேர்ந்து எல்லா ஃபைலையும் மேஜைல எடுத்து வெச்சேனா..."

"பியூன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று சித்தப்பா முடித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசாங்கக் கட்டடத்துக்குள் ஒரு கோப்பு நடக்க ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒரு மாடி ஏறினோம். சிநேகிதர் விடுமுறையில் இருந்தார். அவர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பது பக்கத்து அறையில் ஒரு பஞ்சாபி அம்மாள். மேஜை மேல் ஒரு காகிதத்தில் உப்புத் தூவிய நாவல்பழம். நாக்கு ஊதாவாக இருந்தது.

"ஆமாம், வந்தது. யாரோ ஒரு பெண்ணை வெளிநாடு அனுப்புகிற விஷயம்" என்றார். "கோப்பு எண்கூட இல்லை. காலையிலேயே ஆட்சேபம் எழுதித் திருப்பிவிட்டேனே."

சித்தப்பாவுக்கு முகம் சுருங்கியது. "என்ன ஆட்சேபம் மேடம்?"

"ஞாபகமில்லை. நிதிப் பிரிவுக்கு வந்த கோப்பை ஆட்சேபம் இல்லாமல் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? ஏதாவது ஒன்று எழுதியிருப்பேன்." என் பக்கம் திரும்பினார். "நீ யார் பெண்ணே?"

"நான்தான் அந்தக் கோப்பு" என்றேன். ஆங்கிலத்தில் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் சிரித்து எனக்கு ஒரு நாவல்பழம் கொடுத்தார்.

அவர் கோப்பைத் திருப்பி அனுப்பியது சித்தப்பா பெயருக்கு. அந்தப் பெயரில் அந்த அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் யாரும் இல்லை. அப்படி ஆளில்லாத கோப்பெல்லாம் போய்ச் சேருகிற இடம் தரைத்தளத்துத் தபால் பிரிவு. போனோம். பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரம். பொறுப்பாளர் வெளியே மரத்தடியில் சீட்டாடுகிறார், ஆட்டம் முடியாமல் எழுந்திருக்க மாட்டார் என்றார்கள்.

எனக்கு அழுகை வந்தது. நாளைக்குத் தூதரகம், என் பாஸ்போர்ட் பூட்டிய அறைக்குள், சாவிக்காரர் கையில் ஜோக்கர். இரண்டு ஊரில் எது என்று உருகிக்கொண்டிருந்தேனே, ஒரேயடியாக இரண்டும் போய்விடும் போலிருந்தது.

புல்வெளியில் நாவல் மரத்து நிழலில் உட்கார்ந்தோம். சித்தப்பா நாவல்பழம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் கீழே கிடப்பதைப் பொறுக்கி ஊதித் தின்போம். இங்கே கழுவி, உப்புப் போட்டு, பொட்டலம் கட்டித் தருகிறார்கள்.

"என்னைத் திட்டுட்டி" என்றார்.

"திட்டல சித்தப்பா."

"இருபத்தஞ்சு வருஷமா எழுதுதேன். ஒரு ஃபைல் தொலைஞ்சதில்ல என் கையில." கொஞ்ச நேரம் கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தார். "ஆனா பாரு, எழுதினது எதுவும் இருக்காது. முடிஞ்ச ஃபைல் மேல ஒரு வகை போடணும். என் பிரிவுல எல்லாம் சில்லறை விவகாரம். மூணு வருஷம் வச்சிட்டுக் கிழிச்சிருவாங்க. நிரந்தரமா வைக்கணும்னு எழுதுற மாதிரி ஒண்ணுகூட என் மேஜைக்கு வந்ததில்ல. நானா ஒண்ணும் முடிவெடுத்ததும் இல்ல. உத்தரவுக்கு, உத்தரவுக்குன்னே எழுதிட்டேன்."

அந்த மனிதர் மேல் எனக்குச் சட்டென்று ரொம்பப் பிரியமாக இருந்தது.

சீட்டாட்டம் முடிந்தது. சாவிக்காரர் ஜெயித்திருந்தார் போலிருக்கிறது, நல்ல மனநிலையில் கதவைத் திறந்தார். எங்கள் கோப்பு மேலாகவே கிடந்தது. சித்தப்பா முதலில் கொடி அ-வைத் தொட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட் இருந்தது. அதற்கப்புறம், அவர் அவராகி, ஆட்சேபம் என்ன என்று பக்கத்தைத் திருப்பினார்.

அந்த அம்மாளின் கையெழுத்தில் இரண்டே வரி. 'கோப்பில் எல்லோருடைய கருத்தும் உள்ளது. படிக்கப் போகிறவரின் கருத்து இல்லை. பெற்று இணைக்கவும்.'

சித்தப்பா அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தார். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, "எப்படி விட்டுப்போச்சு எனக்கு?" என்றார்.

சாயங்காலம் மேஜையைத் துடைத்து, புதிதாக ஒரு பச்சைத் தாள் கோத்து, பேனாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். "எழுதுட்டி."

சித்தி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்றாள். ப்ரீத்தி கூலரை அணைத்தாள். அந்த வீட்டில் கூலர் அணைந்து நான் பார்த்தது அப்போதுதான்.

எழுதினேன். சின்ன ஊர். காரணம், அங்கே என் கேள்வி இருக்கிறது. இரண்டு வருடம் ஆகும். கடனை அடைக்கத் தாமதமாகும், அது எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தோடுதான் இதை எழுதுகிறேன். கடைசி வரிக்கு வந்தபோது பேனா நின்றது. அதற்கு முந்தைய தாள்களில் 'உத்தரவுக்காக' என்றும் 'தங்கள் மேலான முடிவுக்கு' என்றும் இருந்தது. நான் 'சித்தப்பாவின் தகவலுக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சொல்லின் எடை அவருக்குத் தெரியாததா? உத்தரவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன், தெரிந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம்.

"அண்ணன்கிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றார்.

"நான் சொல்லுதேன்."

"பிள்ள எழுதிட்டால்லா. விடுங்க" என்றாள் சித்தி, செருப்பை மாட்டிக்கொண்டே.

அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும். முடித்ததும் அப்பா, "அங்கன ரொம்பக் குளிருமோட்டி?" என்றார்.

"ஆமாப்பா."

"நல்ல கோட்டா வாங்கு."

சித்தப்பா தாளில் ஒன்றும் எழுதவில்லை. கோப்பை மூடிவிட்டுப் படுக்கப் போனார். அதுதான் என்னை உறுத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை அவரும் கூட வந்தார், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு. மதியம்தான் நேரம் என்றாலும் சீக்கிரமே கிளம்பிவிட்டோம். தூதரகங்கள் இருக்கிற சாலை டில்லியிலேயே வேறு நாடு. மரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஹாரன் சத்தமில்லை, நாய்கூட ஒழுங்காகப் படுத்திருக்கிறது. பெரிய ஊரின் தூதரகம் முதலில் வந்தது. வாசலில் வரிசை. என் பெயர் அந்த வரிசையில், காலை நேரத்தில், இன்னும் இருந்தது. ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "இங்கேயா?" என்று கேட்டார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஆனாலும் அந்தக் கதவைப் பார்த்ததும், துவாரகாக்காரர் எழுதிய ஒரு வருடமும் டீச்சர் எழுதிய வங்கிகளும் ஒன்றாக எதிரே வந்து நின்றன.

"ஆகே சலோ, பையா" என்றார் சித்தப்பா. முன்னால் போ.

சின்ன ஊரின் தூதரகத்தில் சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். ஓரத்தில் காகிதக் கொடி இன்னும் குத்தியிருந்தது. அதைக் கழற்றி, "இது உங்களுடையதா?" என்று மரியாதையாக என்னிடம் கொடுத்தாள். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது சித்தப்பா வேப்பமரத்தடியில் நின்ற ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். "கொடுத்துட்டியா?" என்றார். கொடுத்துவிட்டேன் என்று அந்தக் கொடியைக் காட்டினேன். அதை வாங்கிக் கோப்புக்குள் வைத்தார். என் தாளைத் திறந்து, நான் எழுதியதற்குக் கீழே 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். பிறகு கோப்பை மூடி முழங்காலில் வைத்துக்கொண்டு, மேல் அட்டையின் மூலையில் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். யாரையும் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

'முடிவுற்றது. வகை: நிரந்தரமாக வைக்க வேண்டியது.'

பேனாவை மூடிச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார்.

"இத யாரும் கிழிக்க மாட்டாங்கல்லா" என்றார்.